லிஸ்ட் சென்செய்

"பன்னெண்டாவது பாடம் எப்படி இருந்துச்சு?"

குவாலிட்டி மேடம் இப்படிக் கேட்டபோது அவன் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி டீக்குள் விழுந்து முங்கிக்கொண்டிருந்தது. எதை முதலில் காப்பாற்றுவது என்று தெரியாமல் இரண்டையும் கைவிட்டுவிட்டு அவன் சிரித்தான். மாட்டிக்கொண்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

அவள் கேட்டது ஜப்பானிய மொழிப் பாடத்தைப் பற்றி. இணையத்தில் இருக்கிற ஏதோ ஒரு சேனலின் பன்னிரண்டாவது பாடம். அதை அவன் பார்த்ததில்லை. பதினொன்றாவதையும் பார்த்ததில்லை. சொல்லப்போனால் முதல் பாடத்தையே பார்த்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்ததாக நேற்றுத்தான் அவளுக்கு எழுதி அனுப்பியிருந்தான்.

"அதுதான் உச்சம்" என்றான். "கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், இவளுக்கும் அந்தப் பாடம் மனசைத் தொட்டுவிட்டது போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அது தண்ணீர் பம்ப் தயாரிக்கிற தொழிற்சாலை. அவன் வேலை பார்ப்பது டெஸ்பாட்ச் பிரிவில். அங்கே அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மேனேஜரிலிருந்து கேட் செக்யூரிட்டி வரை எல்லாருக்கும் அவன் 'லிஸ்ட்'. குவாலிட்டி பிரிவிலிருந்து பெட்டிகள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, மூடி சீல் வைத்து வரும். என்னென்ன இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கும். அதைப் பார்த்து பேக்கிங் லிஸ்ட் போட்டு, பெட்டி மேல் ஒட்டி, லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியது அவன் பொறுப்பு. சீல் வைத்த பெட்டியைத் திறக்கக் கூடாது. அதுதான் டெஸ்பாட்ச் பிரிவின் முதல் சட்டம். ஆறு வருஷத்தில் அவன் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஒரு லிஸ்ட்டும் தப்பானதில்லை.

இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல ரத்தத்தில் ஊறிவிட்டது. படிக்க வேண்டிய புத்தகங்களுக்கு லிஸ்ட் வைத்திருந்தான், படிக்கவில்லை. செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளுக்கு வாரவாரியாக லிஸ்ட் வைத்திருந்தான், தொப்பையும் வைத்திருந்தான். "சமைக்க வேண்டியதை லிஸ்ட் போட்டா பசி அடங்கிடுமாடா?" என்று அவனுடைய அக்கா அடிக்கடி கேட்பாள். கொஞ்சம் அடங்குகிற மாதிரிதான் இருக்கும் அவனுக்கு.

குவாலிட்டி மேடம் இந்தக் கம்பெனிக்கு வந்து நான்கு மாசம்தான் ஆகிறது. அவள் அப்படியே இவனுக்கு நேர் எதிர். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். பம்ப்பைத் திறப்பாள், வால்வைத் திறப்பாள், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் சுவர்க் கடிகாரத்தைத் திறந்து, அது ஏன் மூன்று நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்கே அவனுக்கு மனசு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் நான்கு மாசமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். "பெட்டி போயிடுச்சா?" "போயிடுச்சு மேடம்."

ஜப்பானில் இருக்கிற கூட்டாளிக் கம்பெனிக்கு ஆறு மாசப் பயிற்சிக்கு இங்கிருந்து ஒரே ஒரு ஆளை அனுப்புவார்கள். இந்த வருஷம் அது அவள். விண்ணப்பம் போட்டாள், மேனேஜர் தன் வழக்கப்படி அதைத் திறந்து பார்க்காமலேயே தலைமை அலுவலகத்துக்கு ஃபார்வர்ட் செய்தார், அவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கிளம்ப மூன்று மாசம் இருந்தபோதுதான் ஒருநாள் கேண்டீன் மேசையில் பொதுவாகக் கேட்டாள்.

"ஜப்பானீஸ் புதுசா கத்துக்கறவங்களுக்கு நல்ல சைட் ஏதாவது யாருக்காவது தெரியுமா?"

பொதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கண் இவன் பக்கம் இருந்தது. அல்லது இவனுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் குழாயின் பக்கம் இருந்தது. எதுவாயிருந்தாலும், மூளை எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் வாய் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

"என்கிட்ட லிஸ்ட்டே இருக்கு" என்றான்.

இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து செய்தான். எழுத்து பழகுகிற சைட், அட்டை புரட்டி வார்த்தை மனப்பாடம் செய்கிற ஆப், தினமும் ஒரு வாக்கியம் அனுப்புகிற சைட், எழுத்தில் எந்தக் கோட்டை முதலில் இழுக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டுகிற சைட், கேட்டுப் பழக வானொலி, இலக்கணம், சின்னப் பிள்ளைகளுக்கான கதை. யார் யாரோ எங்கெங்கோ பரிந்துரைத்ததையெல்லாம் வலை போட்டு அள்ளிக்கொண்டு வந்து, வகை பிரித்து, கலர் கொடுத்து, நட்சத்திரம் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு வரி கருத்தும் எழுதினான். மொத்தம் நூற்று நாற்பத்தேழு லிங்க். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நூற்று நாற்பத்தேழு எப்படி வரும்?

முதல் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான். தமிழிலேயே ஜப்பானியம் சொல்லித்தருகிற சேனல் ஒன்று கண்ணில் பட்டது. 'ஜப்பானீஸ் முதல் படி' என்று பெயர். படத்தில் சாக்பீஸ் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. போதாதா? அதை ஒன்றாம் எண்ணில் வைத்தான். ஐந்து நட்சத்திரம் போட்டும் மனசு ஆறாமல் ஆறாவதையும் போட்டுப் பக்கத்தில் எழுதினான்: 'நான் ஜப்பானீஸ் கத்துக்கிட்டதே இவங்களாலதான். எல்லாப் பாடத்தையும் மூணு தடவை பார்த்திருக்கேன். இந்த டீச்சரை மட்டும் நேர்ல பார்த்தா அப்படியே கால்ல விழுந்துடுவேன்.'

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ணையாவது திறந்து பார்த்தியாடா?"

"லிஸ்ட் போடறவன் பெட்டியைத் திறக்கக் கூடாதுக்கா."

திங்கட்கிழமை காலை அனுப்பினான். செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அவள் வந்து எதிரில் உட்கார்ந்து பன்னிரண்டாவது பாடத்தைப் பற்றிக் கேட்டாள். கதை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

"அப்ப நீங்க நல்லாவே பேசுவீங்க" என்றாள் ஜன்னலிலிருந்து திரும்பி. கண்ணைத் துடைத்திருந்தாள்.

"ஏதோ, ஆபத்துக்கு" என்றான்.

அதற்கப்புறம் அவள் தினமும் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். பேச வருகிறாளே என்று இவனுக்குச் சந்தோஷம்; வந்து ஜப்பானியத்தைப் பேசுகிறாளே என்று பயம். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சந்தேகம் என்று வாயைத் திறந்ததும், "அதை நான் சொல்றதைவிட ஒரு அருமையான சைட் இருக்கு, சாயங்காலம் லிங்க் அனுப்பறேன்" என்பான். ஒரு சந்தேகத்துக்கு ஒரு லிங்க். இரண்டு வாரத்தில் லிஸ்ட் இருநூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது.

கற்றுக்கொள்ள முயற்சியே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. தினமும் உட்கார்ந்தான். முதல் லிங்க்கின் மேல் விரலைக் கொண்டுபோவான். அந்த நேரம் பார்த்து, இதைவிட நல்லதாக ஒன்று இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு எண்ணம் வரும். தேடுவான். கிடைக்கும். லிஸ்ட்டில் சேர்ப்பான். நிறைய வேலை செய்த களைப்போடு படுத்துவிடுவான்.

அவள் ஒருநாள், இந்த லிஸ்ட்டைக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று கேட்டாள். எல்லாருக்கும் உபயோகமாக இருக்குமே என்றாள். எது செய்தாலும் தன்னிடமிருந்து சந்தேகங்கள் கொஞ்சம் வேறு பக்கம் திரும்பட்டும் என்று அவனும் சரி என்றான். அதுதான் அடுத்த தப்பு. ஒரே வாரத்தில் நாற்பது பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெயிண்டிங் பிரிவு, லேத் பிரிவு, செக்யூரிட்டி, எல்லாருக்கும் மேலாகக் கேண்டீனில் டீ ஊற்றுகிற அண்ணன். அவரை எல்லாரும் டீ அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒன்றாம் லிங்க்கைப் போனில் வைத்துக்கொண்டு, டீ ஊற்றும்போதே பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். இவனைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். படிப்பு ஏறினால் வெட்கமும் வரும் போலிருக்கிறது என்று இவன் நினைத்தான்.

மேனேஜரும் லிஸ்ட்டைத் திறக்காமலேயே தலைமை அலுவலகத்துக்கு ஃபார்வர்ட் செய்தார். அங்கிருந்து பாராட்டு வந்தது. உடனே இவனைக் கூப்பிட்டார்.

இப்படிப்பட்ட அறிவாளியை அட்டைப்பெட்டி நடுவில் வைத்திருந்தோமே என்று வருத்தப்பட்டார். வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு எல்லாருக்கும் ஜப்பானிய வகுப்பு எடுக்கச் சொன்னார். நேரமில்லை என்றான்; வியாழக்கிழமை லோடிங் வேலையை வேறு ஆளுக்கு மாற்றினார். இடமில்லை என்றான், பயிற்சி அறையைத் திறந்துவிட்டார். போர்டு இல்லையே சார் என்றான். மறுநாளே பளபளவென்று வெள்ளை போர்டு வந்து இறங்கியது, மூன்று கலர் பேனாவோடு.

முதல் வியாழக்கிழமை பயிற்சி அறை நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் புது நோட்டோடு குவாலிட்டி மேடம். கடைசி வரிசையில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு டீ அண்ணன். கதவோரம் நின்று காலை வலம் இடமாக மாற்றிக்கொண்டிருந்த இவனிடம், உள்ளே போகும்போது டீ அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். "'மோ இச்சிதோ'ன்னா 'இன்னொரு தடவை'ன்னுதானே அர்த்தம்? பாடத்துல அப்படித்தான் சொன்னாங்க."

"சரியா சொன்னீங்க" என்றான். அவன் தன் வாழ்நாளில் கற்றுக்கொண்ட முதல் ஜப்பானிய வார்த்தை அது.

போர்டு முன்னால் போய் நின்றான். நாற்பது முகம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"நான் சொல்லிக்கொடுத்தா உங்களுக்கு மறந்துடும்" என்றான். "அதனால நான் சொல்லித்தரப் போறதில்ல. ஆளுக்கு ஒரு லிங்க் தரேன். வீட்ல போய்ப் படிச்சுட்டு, அடுத்த வாரம் வந்து நீங்க எங்களுக்குச் சொல்லித்தரணும். தப்பு இருந்தா நான் பார்த்துக்கறேன்."

அடுத்த வாரம் செக்யூரிட்டி வந்து வணக்கம் சொல்வது எப்படி என்று பாடம் நடத்தினார். இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டான். முடிந்ததும், "மோ இச்சிதோ" என்றான். செக்யூரிட்டி இன்னொரு தடவை சொன்னார். வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொன்னது. "மோ இச்சிதோ." மறுபடி சொன்னது. ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு ஆச்சரியம், அது வேலை செய்தது. லேத் பிரிவுக்காரர் நூறு வரை எண்ணினார். பெயிண்டிங் பெண்கள் ஒருவரையொருவர் ஜப்பானியத்தில் கேலி செய்துகொண்டார்கள். கேண்டீன் பலகையில் டீ அண்ணன் காபி, டீ, பிஸ்கட் என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதிப் போட, அதைப் படிக்கத் தெரியாமல் மேனேஜர் மூன்று நாள் வெந்நீர் குடித்தார். தொழிற்சாலையே திருவிழாக் கூட்டம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் ஆசிரியர்தான். அவனுக்கு நேரம் எங்கே இருந்தது? வருகை லிஸ்ட், வீட்டுப்பாட லிஸ்ட், யார் எந்த லிங்க் என்கிற லிஸ்ட். ஜப்பானியத்தில் ஆசிரியரை 'சென்செய்' என்பார்களாம். எல்லாரும் அவனை 'லிஸ்ட் சென்செய்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வகுப்பு முடிகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்பார்கள். "சென்செய், அந்த முதல் லிங்க் டீச்சரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவனும் சொல்வான். பாராட்டுவதற்குப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஒரு வாரம், அந்தம்மாவின் பொறுமை கடல் என்றான். ஒரு வாரம், அவங்களுக்கு எப்படியும் அறுபது வயசு இருக்கும், ஆனா குரல் மணி மாதிரி என்றான். ஒரு வாரம், அந்தக் கண்ணாடிக்குள்ள எவ்வளவு கருணை தெரியும் என்றான். இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பெயிண்டிங் பெண்கள் மேசைக்கு அடியில் பேனா தேடுவார்கள். மேடம் மட்டும் காது சிவக்க, நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ எழுதுவாள். படிப்பில்தான் எவ்வளவு அக்கறை என்று அவன் உருகுவான்.

ஏழாவது வகுப்பில் டீ அண்ணன் எழுந்து நின்றார்.

"சென்செய், முதல் லிங்க்ல பன்னெண்டாவது பாடம் நேத்துதான் வந்திருக்கு. ரெண்டு வருஷமா பதினொண்ணோட நின்னுபோயிருந்துச்சாம். இங்கேயிருந்து நாப்பது பேர் போய்ப் பார்த்ததுல அவங்களுக்கு மறுபடி உற்சாகம் வந்துடுச்சுன்னு பாடத்துலயே சொல்றாங்க."

பன்னிரண்டாவது பாடம். உச்சம். கண்ணில் தண்ணீர். மெதுவாக முதல் வரிசையைப் பார்த்தான். மேடம் பேனாவின் மூடியைக் கடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அதை முன்னாடியே பார்த்துட்டீங்கள்ல?" என்றாள்.

"நல்ல டீச்சரா இருந்தா" என்றான் அவன், "வராத பாடமும் மனசுல தெரியும்."

கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. அவனுக்கு மட்டும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் விமானம் ஏறி அந்த ஊரில் போய் இறங்குவாள், ஒரு ஏமாற்றுக்காரனிடம் படித்தோம் என்று அங்கே தெரியவந்தால் என்ன நினைப்பாள் என்று மனசு அரித்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். எப்படிச் சொல்வது என்று ஒன்பது வழிகளை லிஸ்ட் போட்டான். எட்டாவது வகுப்பு முடிந்த மறுநாள், அந்த லிஸ்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குவாலிட்டி பிரிவுக்குப் போனான். அவள் ஒரு வால்வைப் பிரித்துப்போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க. நான் ரொம்ப நாளா எதிர்பார்த்துட்டிருக்கேன்."

இந்தப் பதிலை அவன் ஒன்பது வழியிலும் யோசித்திருக்கவில்லை. வாய் திறந்தது, காற்று வந்தது, வார்த்தை வருவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"லிஸ்ட், உன்னை எங்கெல்லாம் தேடறது? அடுத்த வியாழக்கிழமை ஜப்பான்ல இருந்து அவங்க தலைவரே வர்றார். வழக்கமா வர்ற மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கிட்டு சத்தமே வரலையாம். வேற ஆள் பார்க்கட்டுமான்னு ஏஜென்சில கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். நம்மகிட்டதான் சென்செய் இருக்காரே."

விஷயத்தைக் கேட்ட அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். சிரித்து முடித்துவிட்டு, "இன்னும் ஆறு நாள் இருக்குடா. அந்த முதல் லிங்க்கையாவது திறந்து தொலை" என்றாள். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஆறு நாளில் படிக்க வேண்டும் என்றால் முறையாகப் படிக்க வேண்டாமா? ஆறு நாளில் எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று ஒரு லிஸ்ட் போட்டான். அறுபத்துநான்கு அம்சங்கள், நாலு கலர். அருமையாக வந்தது. முடித்து நிமிர்ந்தபோது புதன்கிழமை.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பேக்கிங் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். ஜப்பான் தலைவர் சின்ன உருவம், சாம்பல் கோட், வந்ததும் எல்லாருக்கும் குனிந்தார். நாற்பது பேர் ஒரே குரலில் ஜப்பானியத்தில் வணக்கம் சொல்ல, மனுஷன் அசந்துபோய் இன்னொரு தடவை குனிந்தார். மேனேஜர் மைக்கை இவன் கையில் கொடுத்து, பெருமையோடு முதுகில் தட்டினார்.

தலைவர் பேச ஆரம்பித்தார். நாலு நிமிஷம் பேசினார். நடுவில் ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டினார், ஒரு தடவை நெஞ்சில் கை வைத்தார், ஒரு தடவை சிரித்தார். பேசி முடித்துவிட்டு இவனைப் பார்த்தார். மேனேஜர் இவனைப் பார்த்தார். கூடமே இவனைப் பார்த்தது.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

"மோ இச்சிதோ" என்றான்.

தலைவர் கண் சிமிட்டினார். பிறகு, ரொம்ப மரியாதையானவர், அந்த நாலு நிமிஷத்தையும் முதலிலிருந்து அப்படியே பேசினார். பெட்டி, நெஞ்சு, சிரிப்பு, எதையும் விடவில்லை. முடித்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

இன்னொரு தடவை கேட்டால் அடிப்பார்களோ என்று தோன்றியது. அவன் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வகுப்புப் பக்கம் திரும்பினான். "இதை நானே சொல்லிடலாம். ஆனா என் மாணவர்களுக்கு இது பரீட்சை. யார் சொல்றீங்க?"

நாற்பது தலையும் ஒரே நேரத்தில் முதல் வரிசைக்குத் திரும்பின. எல்லாரும் அவளை மாட்டிவிடுகிறார்களே என்று அவனுக்குக் கோபம் வந்தது. தடுக்கப் போனான். அதற்குள் அவள் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

தங்குதடையில்லாமல் சொன்னாள். இந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிற பெட்டிகளில் ஆறு வருஷமாக ஒரு திருகுகூட லிஸ்ட்டுக்கு மாறி வந்ததில்லையாம். அங்கே கிடங்கில் இருப்பவர்கள் புதிதாக வருகிற ஆட்களுக்கு இவனுடைய பேக்கிங் லிஸ்ட்டைக் காட்டித்தான் வேலை பழக்குகிறார்களாம். அதைப் போடுகிறவரை ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே வந்தேன் என்று தலைவர் சொன்னதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு இவனைக் கை காட்டி அவரிடம் ஜப்பானியத்தில் ஏதோ சொன்னாள். தலைவர் பதில் சொன்னார். இவள் அதற்கு ஒன்று சொன்னாள். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு இவன் முன்னால் வந்து ரொம்ப ஆழமாகக் குனிந்தார்.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே. எட்டே வகுப்பில் இந்தப் பெண் இப்படிப் பேசுகிறாளே என்று மலைத்துப்போய் நின்றான்.

மலைத்தவர் இன்னொருவரும் இருந்தார். மேனேஜர் மைக்கைப் பிடுங்கினார். "எட்டு வகுப்புல ஒரு மாணவி இப்படிப் பேசறாங்கன்னா, சொல்லிக்கொடுத்தவர் எப்படிப் பேசுவார்? இந்த வருஷம் ஜப்பானுக்கு நம்ம லிஸ்ட் சென்செய்யை அனுப்பறதா நான் முடிவு பண்ணிட்டேன். மேடம் சின்ன வயசு, அடுத்த வருஷம் போய்க்கலாம்."

கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது, ஆனால் விளக்கை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் இருக்கிற சூடு மாதிரி இருந்தது.

இதற்கு மட்டும் அவன் லிஸ்ட் போடவில்லை. நேராகப் போய் மேனேஜர் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"சார், எனக்கு ஜப்பானீஸ் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை தெரியும். அதையும் டீ அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்."

மேனேஜர் அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

"நிஜமா சார். அந்த இருநூத்திப் பன்னெண்டு லிங்க்ல ஒண்ணைக்கூட நான் திறந்ததில்ல. மேடம் கேட்டாங்க, எனக்கு அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னு ஆசை, அதனால லிஸ்ட் போட்டேன். அப்புறம் நிறுத்தத் தெரியல. ஜப்பானுக்கு அவங்கதான் போகணும். என் பொய்யால அவங்க இடம் போகக் கூடாது."

மேனேஜர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "அப்ப இவங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது யாரு?" என்றார் கடைசியில்.

"லிஸ்ட்ல முதல்ல இருக்காங்களே சார், அந்த டீச்சர்தான்" என்றான். பிறகு மேடம் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்கங்க. உங்க நன்றியெல்லாம் அவங்களுக்குத்தான் சேரணும். அவங்க யாரு, எங்க இருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பெயிண்டிங் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். செக்யூரிட்டி தொப்பியால் வாயை மூடினார். கடைசி வரிசையில் டீ அண்ணன் பிளாஸ்க்கை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சென்செய், அந்த முதல் லிங்க் டீச்சர்தான் எட்டு வாரமா உங்க கிளாஸ்ல முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. நாங்க நாப்பது பேரும் வியாழக்கிழமை தவறாம வந்ததே, நீங்க எழுதினபடி எப்ப அவங்க கால்ல விழுவீங்கன்னு பார்க்கத்தான்."